மோட்டார் இல்லாத தறி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பேய், பிசாசு, முனி, காத்துக்கருப்பு இதையெல்லாம் நம்புகிற ஆள் நானில்லை. கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்பவனுக்கு மதி எங்கே போச்சு என்று ஊருக்கே சொல்லிக்கொண்டு திரிந்தவன். எங்கள் ஊர்க் கிணற்றோரம் வெள்ளையாக ஏதோ நின்று கையசைக்கிறது என்று ஆளாளுக்கு அந்த வழியையே விட்டுவிட்டுச் சுற்றிப் போனபோது, நேரே போய் வேலியில் மாட்டிக் கிடந்த உரச்சாக்கை உருவிக்கொண்டு வந்து டீக்கடை பெஞ்சில் போட்டு, "இந்தாங்க உங்க முனி, ஒரு டீ சொல்லுங்க" என்றவன் நான். அதனால் இப்போது சொல்லப் போவதைக் கேட்டு நீங்கள் உதட்டைப் பிதுக்கினால் எனக்குக் கோபம் வராது. உங்கள் இடத்தில் நான் இருந்திருந்தால் பாதியிலேயே எழுந்து போயிருப்பேன்.

சோமனூர்ப் பக்கம் எங்களுக்கு எட்டு விசைத்தறி. கூலிக்குக் காடாத் துணி, அதாவது சாயம் போடாத வெள்ளைத் துணி நெய்து கொடுக்கிற வேலை. முன்னால் வீடு, பின்னால் தறி குடோன், இரண்டுக்கும் நடுவே துணி காயப் போடுகிற இடம்தான் இருக்கும். இந்தச் சத்தத்திலேயே வளர்ந்ததால் எங்கள் ஆட்களுக்கு மெல்லப் பேச வராது, கல்யாண மண்டபத்தில் நாங்கள் எந்தப் பந்தியில் உட்கார்ந்திருக்கிறோம் என்று வாசலில் நின்றே கண்டுபிடித்துவிடலாம். ஆனால் ஒன்று, தறிக்காரனுக்குக் கண்ணைவிடக் காதுதான் முக்கியம். எட்டும் ஒன்றாக ஓடும்போது ஒரு தறியில் மட்டும் அடி கொஞ்சம் மாறினாலும் முதுகைத் திருப்பி நின்றுகொண்டே "அந்த மூணாவதைப் பாரு" என்போம். இதில் வித்தை ஒன்றும் இல்லை. பத்துப் பிள்ளைகள் அழுதாலும் தன் பிள்ளை அழுகை தாய்க்குத் தெரியாதா, அந்த மாதிரிதான்.

என் வீட்டுக்காரி ருக்குமணிக்குச் சின்ன வயதில் காய்ச்சல் வந்து முட்டியெல்லாம் வீங்கிப் படுத்திருக்கிறாள். அந்தக் காய்ச்சல் போகிறபோது சும்மா போகாமல் நெஞ்சுக்குள் ஒரு கோளாறை வைத்துவிட்டுப் போயிருக்கிறது, யாருக்கும் தெரியவில்லை. பிள்ளையைப் பெற்று வளர்த்து, அதைக் கட்டிக் கொடுத்து பெருந்துறைக்கு அனுப்பிய பிறகுதான் இரண்டு படி ஏறினாலே மூச்சு வாங்க ஆரம்பித்தது. கோயமுத்தூரில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். இதயத்தில் ஒரு வால்வு சுருங்கி, கதவு துருப்பிடித்த மாதிரி நின்றுவிட்டது, எடுத்துவிட்டு வேறு வைக்க வேண்டும் என்றார்கள். நெஞ்சைத் திறந்து, உலோகத்தில் செய்த வால்வை வைத்துத் தைத்து அனுப்பினார்கள். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. முடிந்தது என்று நாங்கள் நினைத்தோம், அவ்வளவுதான்.

அந்த வால்வுக்குச் சத்தம் உண்டு. உங்களுக்குத் தெரியுமோ என்னவோ, அது ஒவ்வொரு தடவை மூடும்போதும் 'டிக்' என்று கேட்கும். பக்கத்தில் படுத்தால் எனக்கே கேட்டது. வீட்டுக்கு வந்த அன்றைக்கே ஆரம்பித்தாள்.

"ஏனுங்க, உங்குளுக்குக் கேக்குதுங்களா?"

"கேக்குது அம்மணி, கடியாரமாட்டம்."

"கடியாரமா இருந்தாக் கழட்டி மேசை மேல வெச்சுப்போட்டுத் தூங்குவேன். இதைய எங்கீங்க கழட்டறது?"

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. தூங்கப் போனால் அந்தச் சத்தம், கண்ணை மூடினால் அந்தச் சத்தம், எந்த நேரத்தில் நின்றுவிடுமோ என்று எண்ணிக்கொண்டே கிடப்பாள். பால் பொங்கி வழிந்தால் அழுவாள். மகள் போன் செய்தால் அழுவாள், செய்யாவிட்டால் அதற்கும் அழுவாள். மாமியார் வீட்டில் எத்தனையோ பட்டு ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத பொம்பளை, தையல் போட்ட நெஞ்சைத் தலையணையால் அணைத்துப் பிடித்துக்கொண்டு, "என்னைய எதுக்குங்க பொழைக்க வெச்சீங்க" என்று கேட்டாள். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள், எதிரே உட்கார்ந்திருக்கிறவனுக்கு அதில் பாதிகூடத் தெரியாது. அவளைப் பார்க்கிற டாக்டரம்மாவிடம் சொன்னேன். இதய ஆபரேஷன் செய்துகொண்ட நிறையப் பேருக்கு இப்படித்தான் இருக்கும், மனசும் அறுபட்டுத் தைத்த மாதிரிதான், ஆறுவதற்கு நாள் கொடுங்கள் என்றார்.

மருந்தைக் கண்டுபிடித்தது ருக்குமணியேதான். ஒரு மத்தியானம் வீட்டில் ஆளைக் காணோம். தேடிக்கொண்டு குடோனுக்குப் போனால், எட்டுத் தறி ஓடுகிற அந்த இரைச்சலுக்கு நடுவில், மடித்து அடுக்கிய துணிக்கட்டின் மேல் சாய்ந்து குறட்டை விட்டுத் தூங்குகிறாள்! தறிச் சத்தத்தில் அவள் நெஞ்சுச் சத்தம் அவளுக்கே கேட்கவில்லை. அன்றைக்கே கட்டிலைத் தூக்கி, குடோனைப் பார்த்தாற்போல இருக்கிற வீட்டுப் பின்னறையில் போட்டேன். அவள் படுக்கிற நேரமெல்லாம் தறி ஓட வேண்டும் என்று ஏற்பாடு. எங்களிடம் தறி ஓட்டுகிற மயிலாத்தாளுக்கு வாய் சும்மா இருக்காது. "மத்தவீக பொண்டாட்டிக்கு ஏசி போட்டுக் குடுக்கறாங்கொ, எங்க அண்ணன் எட்டுத் தறி போட்டுத் தாலாட்டறாரு" என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டாள். சொல்லட்டும், ருக்குமணி முகம் தெளிந்தது, அது போதும்.

இப்போது யோசித்தால் எங்களை மாதிரி ஆட்களால்தான் இப்படி ஒரு தப்பைச் செய்ய முடியும். சத்தத்தைச் சத்தத்தால் மூடிவிட்டோம். அந்த 'டிக்' ஒழுங்காக அடிக்கிறதா என்று அதற்கப்புறம் அவளும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. இதற்கு நடுவில் சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக நலம் விசாரிக்க வந்தார்கள். எங்கள் பக்கத்து ஆட்கள் வெறுங்கையோடு நோயாளியைப் பார்க்க வரமாட்டார்கள். 'ரத்தம் ஊறட்டும்' என்று ஆளுக்கொரு கட்டு முருங்கைக்கீரை. பொரியல், சூப்பு, அடை என்று தட்டெல்லாம் பச்சை. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை கொடுத்திருந்தார்கள், கீரை கூடினால் அந்த மாத்திரை வேலை செய்யாது, எப்போதும் ஒரே அளவாகச் சாப்பிடுங்கள் என்றும் சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். அன்போடு வருகிறவர்கள் அளவோடா வருவார்கள்?

அந்தச் சமயத்தில் வாசலோரத் தறியின் மோட்டார் புகைந்துவிட்டது. கழற்றி, காயில் கட்டுவதற்காக, அதாவது உள்ளே கருகிய கம்பிச் சுருளை மாற்றிச் சுற்றுவதற்காக, கருமத்தம்பட்டியில் ஒரு கடையில் கொடுத்திருந்தேன். பாதி நெய்த துணியோடு அந்தத் தறி மட்டும் சும்மா நின்றது. பெல்ட் தொங்கிக்கொண்டிருந்தது, மோட்டார் இருந்த இடத்தில் எண்ணெய்க் கறை மட்டும்தான். இதை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் எல்லோரும் என்னிடம் முதலில் கேட்கிறது இதைத்தான்.

மாதத்துக்கு ஒருநாள் பராமரிப்பு என்று கரண்டை நிறுத்துவார்கள் இல்லையா, அந்த நாள் வந்தது. காலையில் போனால் சாயங்காலம்தான் வரும். எங்கள் ஊரில் அந்த நாள் எப்படி இருக்கும் என்றால், காது அடைத்துக்கொண்ட மாதிரி இருக்கும். காக்கை கத்துவதே அன்றைக்குத்தான் கேட்கும். போன மாதம் அந்த நாளில் ருக்குமணி கண்ணை மூடவில்லை, நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்துகொண்டே இருந்தாள். அதனால் இந்தத் தடவை என்ன செய்வாளோ என்று பயந்துகொண்டே பின்னறையில் எட்டிப் பார்த்தால், அசந்து தூங்குகிறாள். அவ்வளவு அமைதியில்! எனக்கு வந்த சந்தோஷத்தைக் கேளுங்கள், அப்பாடா பழகிவிட்டது, இனி இவள் பிழைத்துக்கொள்வாள் என்று ஏதேதோ சாமிக்கெல்லாம் கும்பிடு போட்டுவிட்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு வந்தேன். ஏன் தூங்குகிறாள் என்று ஒரு நிமிஷம் யோசிக்கவில்லை.

கரண்ட் இல்லாத நாளில்தான் தறியில் ஒட்டிய பஞ்சைத் தட்டி எண்ணெய் விடுவோம். நானும் மயிலாத்தாளும் அந்த வேலையை முடித்துவிட்டு, குடோனுக்கு வெளியே வேப்பமர நிழலில் உட்கார்ந்திருந்தோம். நல்ல வெயில். அவள் தன் மருமகளைப் பற்றி ஏதோ வக்கணை பேசிக்கொண்டிருந்தாள். பேச்சு நடுவில் நின்றது.

உள்ளே ஒரு தறி ஓடியது.

"கரண்டு வந்துருச்சுங்களா அண்ணா?"

"வந்தாலும் எப்பிடி ஓடும்? நாமதான் எல்லாத்தையும் ஆப் பண்ணியிருக்கறமே."

எழுந்து உள்ளே போனோம். நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் விடுங்கள், என் இரண்டு கண்ணால் பார்த்தேன், பக்கத்தில் மயிலாத்தாளும் பார்த்தாள். அந்த வாசலோரத் தறி, மோட்டார் இல்லாத தறி, ஓடிக்கொண்டிருந்தது. பெல்ட் அசையவே இல்லை, அது பாட்டுக்குத் தொங்குகிறது. ஆனால் நாடா, அதாவது ஊடை என்கிற குறுக்கு நூலைச் சுமந்து போகிற கட்டை, இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போகிறது, வருகிறது, ஊடை நூல் விழுகிறது, துணி நகர்கிறது. அதைவிட என்னை உலுக்கியது அதன் வேகம். ஒரு விசைத்தறி அந்த மெதுவான வேகத்தில் ஓடவே முடியாது. நாடாவை ஓங்கி அடித்தால்தான் அது மறுபக்கம் போய்ச் சேரும், இல்லாவிட்டால் பாதி வழியில் நூலுக்கு நடுவே நின்றுவிடும். இதுவோ தண்ணீரில் ஓடம் போகிற மாதிரி நிதானமாகப் போய்ச் சேர்கிறது. ஒவ்வொரு தடவை சேரும்போதும் ஓர் அடி. டிக். நிறுத்தம். டிக்.

பயம் வரவில்லை, சத்தியமாகச் சொல்கிறேன். மலை உச்சியில் நின்று கீழே பார்க்கும்போது நெஞ்சுக்குள் ஒன்று விரியுமே, அது மாதிரி இருந்தது. மயிலாத்தாள் கை தானாகக் கும்பிட்டுக்கொண்டிருந்தது. நான் தறிக்காரன், என் காது கேட்டது. இந்த அடியை எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த முதல் ராத்திரிகளில் தலையணைக்குப் பக்கத்தில் கேட்ட அதே அடி.

அப்புறம் அது மாறியது. துணியைச் சுற்றிக்கொண்டு அடிப்பது போல மழுங்கியது. ஒரு அடி கேட்டது, அடுத்தது கேட்கவில்லை, நாடா மட்டும் போனது. பிறகு நாடாவும் தயங்கித் தயங்கி, நூலுக்கு நடுவில் வந்து நின்றுவிட்டது.

"அண்ணா," என்றாள் மயிலாத்தாள், "ஊட்டுக்குப் போங்க. அக்காவைப் போய்ப் பாருங்க. போங்கண்ணா!"

ஓடினேன். ருக்குமணி அப்படியேதான் படுத்திருந்தாள். உதட்டில் நிறம் இல்லை. நெஞ்சில் காதை வைத்தேன். ஊரே அமைதி, ஒரு ஈ பறந்தால் கேட்கும், ஆனால் அந்த 'டிக்' இல்லை. உள்ளே ஏதோ அடித்துக்கொண்டுதான் இருந்தது, ஈரச் சாக்கை யாரோ மெல்லத் தட்டுகிற மாதிரி. உலுக்கி எழுப்பினால் கண்ணைத் திறந்து, "சத்தமே இல்லீங்க, நல்லாத் தூக்கம் வந்துச்சுங்க" என்று சொல்லிவிட்டு மூச்சு வாங்கினாள். அந்தச் சத்தத்தைத் தினம் தினம் வைது தீர்த்தவள், அது போய்விட்டது என்பதில் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறாள்!

பக்கத்து வீட்டுக்காரர் காரை எடுத்தார். அவினாசி ரோட்டில் அன்றைக்கு எத்தனை லாரி வழிவிட்டது, எத்தனை விடவில்லை, எதுவும் நினைவில் இல்லை. அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே போனேன். டாக்டரம்மா ஸ்டெதாஸ்கோப்பை வைத்ததுமே அவர் முகத்தைப் பார்த்து எனக்குத் தெரிந்துவிட்டது. உள்ளே கொண்டுபோய்ப் படம் எடுத்துப் பார்த்து வந்து சொன்னார். வால்வின் மேல் ரத்தம் உறைந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது, திறந்து மூட வேண்டிய தகட்டில் ஒன்று அசையவே இல்லை, இன்னொன்று அரைகுறை. மறுபடி நெஞ்சைத் திறந்தால் இந்த உடம்பு தாங்குமா என்பது சந்தேகம். மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றிக் கரைத்துப் பார்க்கலாம், ஆனால் கரைகிற துண்டு மூளைக்குப் போய்விட்டால் என்ன ஆகும் என்று சொல்ல முடியாது. "நீங்க சொல்லுங்க" என்றார். இந்தப் பக்கம் கிணறு, அந்தப் பக்கம் குழி. ருக்குமணியையே கேட்டேன். மூச்சுக்கு நடுவில் சொன்னாள், "மறுக்கா அறுக்க வேண்டாமுங்க. ஏத்தச் சொல்லுங்க."

ஏற்றினார்கள். நான் வெளியே நாற்காலியில். மகள் பெருந்துறையிலிருந்து கிளம்பிவிட்டாள், வந்து சேரவில்லை. வெயில் சாய்ந்து, ஜன்னலில் வெளிச்சம் மஞ்சளாகி நின்ற நேரத்தில் போன் அடித்தது. மயிலாத்தாள்.

"அண்ணா, அக்கா எப்பிடீங்க?"

"தெரியல ஆத்தா. ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறாங்க."

"கரண்டு வந்துருச்சுங்க. நான் ஒரு தறியும் போடலீங்க. அண்ணா, பேசாதீங்க, இதையக் கேளுங்க." போனை எங்கேயோ நீட்டிப் பிடித்தாள்.

முதலில் ஒன்றும் இல்லை. பிறகு ஈரச் சாக்கைத் தட்டுகிற மாதிரி ஒன்று. இன்னொன்று. இடையில் ஒரு அடி தவறியது, நான் நாற்காலிக் கையை இறுக்கிப் பிடித்தேன். மெல்ல மெல்ல, ஒரு சுருதி ஏறுகிற மாதிரி, மழுங்கல் போய்க் கூர்மை வந்தது. டிக். டிக். டிக். சுத்தமாக, ஒரு அடி பிசகாமல். எதிரே அந்தக் கதவு திறந்து டாக்டரம்மா வந்தார். நெற்றியைத் துடைத்துக்கொண்டே, "வாங்க, வந்து நீங்களே கேளுங்க" என்றார். போனைக் காதிலிருந்து எடுக்காமலே உள்ளே போய் ருக்குமணி பக்கத்தில் குனிந்தேன். என் ஒரு காதில் சோமனூர்த் தறி. மறு காதில் என் பொண்டாட்டி நெஞ்சு. இரண்டும் ஒன்றாக விழுந்தன. இரண்டு ஊருக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று உங்களுக்குத் தெரியும். முன்னே பின்னே இல்லை. ஒன்றாக.

நான் அழுததைப் பார்த்து ருக்குமணி, "ஏனுங்க, மருந்து ஏத்துனது உங்குளுக்கா எனக்கா?" என்றாள். ஆஸ்பத்திரிக்குப் போனதிலிருந்து அவள் பேசிய முதல் கேலி அது.

டாக்டரம்மாவிடம் பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். பக்கத்திலேயே படுத்திருந்தவர் ஆயிற்றே, சத்தம் மாறியதை உங்கள் காது எப்போதோ கேட்டிருக்கும், மனசு வேறு விதமாகக் காட்டியிருக்கும் என்றார். சரி, மயிலாத்தாள் மனசுமா, என் போனுமா என்று கேட்டேன். "இன்னும் கொஞ்சம் தாமதிச்சிருந்தா அவங்க இல்லை. வந்தீங்க, அது போதும். எப்படி வந்தீங்கன்னு நான் கேக்கல" என்றார். படித்தவர்கள் சொன்னால் அதில் ஒரு நயம் இருக்கத்தான் செய்கிறது.

மருந்து அளவைச் சரி செய்து, கீரைக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்து அனுப்பினார்கள். கட்டிலை முன்னறைக்கே மாற்றிவிட்டோம். இப்போதெல்லாம் படுத்தவுடன் அவளே, "இருங்க, பேசாதீங்க" என்று தன் நெஞ்சைக் கேட்டுவிட்டுத்தான் தூங்குகிறாள். அந்தச் சத்தம் இல்லாவிட்டால்தான் அவளுக்குத் தூக்கம் போய்விடுகிறது, எனக்கும் அப்படித்தான்.

மோட்டார் காயில் கட்டி வந்தது. ருக்குமணி அதை மாட்டவே விடவில்லை, "அது பாட்டுக்கு இருக்கட்டுமுங்க" என்றாள். அந்தத் தறியில் விழுந்த துணியை நீங்கள் வந்தால் காட்டுகிறேன். நெருக்கமாக, நம் ஊரில் எந்தக் கையும் நெய்யாத நெசவு. நடுவில் இழை தளர்ந்து, தளர்ந்து, ஒரு கையகலம் ஊடையே விழாமல் வெறும் நூல். அதற்கப்புறம் மறுபடி நெருக்கம். அது ஓடுவதை அதற்குப் பின் நாங்கள் யாரும் பார்த்ததில்லை. ஆனால் சில மாதம் கழித்து மயிலாத்தாள் கூப்பிட்டுக் காட்டினாள், அந்த வெறும் நூல் இருந்த இடம் துணி சுற்றுகிற முன் உருளைக்குள் போய் மறைந்திருந்தது. துணி வளர்ந்திருக்கிறது. இன்னும் வளர்கிறது.

நீங்கள் தறிக்காரர் இல்லை, அதனால் இதைச் சொல்ல வேண்டும். நெய்கிற துணி முன்னால் சுற்றிக்கொள்ளும், நீளவாக்கில் ஓடுகிற பாவு நூல் பின்னால் ஓர் உருளையில் இருக்கும், துணி வளர வளர அது குறையும். பாவு தீர்ந்தால் துணி முடிந்தது. மற்ற ஏழு தறிக்கும் அது தீர்ந்தால் வேறு பாவு பிணைப்போம், அதற்கு ஆள் இருக்கிறது. இந்தத் தறிக்கு யாரைக் கூப்பிடுவது? அந்த உருளையில் இன்னும் எவ்வளவு மீதி என்று குனிந்து ஒரு பார்வை பார்த்தால் தெரிந்துவிடும். இத்தனை வருஷம் தறியோடு கிடந்தவன், இன்றுவரை எனக்கு அந்தப் பக்கம் போய்க் குனியத் தைரியம் வரவில்லை.

ருக்குமணி பார்க்கிறாள். காலையில் குடோனைக் கூட்டும்போது அந்தத் தறிக்குப் பின்னால் போய், ஒரு கையைச் சட்டத்தில் ஊன்றிக் குனிவாள். போன வாரம் கேட்டேவிட்டேன், "எவ்வளவு இருக்குது அம்மணி?"

நிமிர்ந்தாள். முந்தானையில் கையைத் துடைத்தாள். கல்யாணத்துக்கு முன்னால் பெண் பார்க்கப் போனபோது சிரித்தாளே, அந்தச் சிரிப்பு.

"தோசை ஆறுதுங்க, சாப்பிட வாங்க" என்று சொல்லிவிட்டு எனக்கு முன்னால் நடந்து போனாள்.